சத்தமான கடையாகப் பார்த்து

எங்கள் பனியன் கம்பெனியில் யாராவது ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் போவதாக இருந்தால், சனிக்கிழமையே என் செக்கிங் மேசைக்கு வந்துவிடுவார்கள். "அக்கா, எங்க சாப்படலாமுங்க, எங்க சுத்திப் பாக்கலாமுங்க?" என்று கேட்பார்கள். தொண்ணூறுகளில் திருப்பூரில் பனியனுக்குப் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த ஒருத்திக்குக் கோயமுத்தூர் சந்துபொந்தெல்லாம் தெரிந்திருப்பது அவர்களுக்கு ஆச்சரியம். நான் உடனே பதில் சொல்லமாட்டேன். "நல்லா இருக்கற கடை வேணுமா, சத்தமா இருக்கற கடை வேணுமா?" என்று திருப்பிக் கேட்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்பதில்லை. என்னிடம் உண்மையிலேயே இரண்டு வகைக் கடைகளும் உண்டு, அதில் இரண்டாவது வகைதான் அதிகம்.

எனக்குக் கல்யாணம் ஆனது எண்பதுகளில், ஒரு தை மாதம். நான் பிறந்தது வெள்ளகோவில் பக்கம், காட்டுக்குள் தனியாக நிற்கும் வீடு. கிணற்றில் வாளி இடித்தால் அடுத்த தோட்டம் வரை கேட்கும். அவர் சோமனூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். மாமனாரும் மாமியாரும் மூத்த மகனோடு வேறு ஊரில் இருந்ததால், சோமனூரில் நாங்கள் இரண்டு பேர்தான். தறிக் குடோன்கள் எல்லாம் மெயின் ரோட்டை ஒட்டி இருந்தன. எங்கள் ஓட்டு வீடு ஒரு சந்தின் கடைசியில், சத்தம் அவ்வளவாக எட்டாத இடத்தில் இருந்தது. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையல். சமையலறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைச் சுவரோரமாக வைத்திருந்தேன்.

புறப்படும்போது அம்மா சொல்லி அனுப்பியது ஒன்றுதான். "புருசன் மூஞ்சிய நிமுந்து பாத்துப் பேசிப் பழகாத கண்ணு. கதவோரமா நின்னு, தலையக் குனிஞ்சு, மெதுவாப் பேசு." எங்கள் பக்கத்தில் நல்ல வளர்ப்பு என்றால் அதுதான். நானும் அப்படியே இருந்தேன். அவர் முன்னறையில் உட்கார்ந்திருப்பார், நான் ஸ்டவ்வைப் பார்த்தபடி "சோறு போடட்டுங்களா?" என்பேன். பதில் வராது. "பக்கத்து ஊட்டுல கொழந்தைக்குக் காச்சலாமுங்க" என்பேன். அதற்கும் பதில் வராது. கதவுக்குப் பின்னால் நின்று, தரையைப் பார்த்து, "நாளைக்கு அரிசி வாங்கணுமுங்க" என்பேன். மனிதர் பீடிக்கட்டைப் பிரிப்பதிலேயே குறியாக இருப்பார்.

எப்போதாவது அவராகப் பேசினால் சண்டைக்கு வந்தவர் மாதிரி சத்தமாகப் பேசுவார். "தண்ணி!" என்று அவர் கேட்கும்போது பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்ப்பாள். ஒரு சொம்புத் தண்ணிக்கு இத்தனை அதிகாரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கோபக்காரி. அம்மா கற்றுக்கொடுத்த மெதுவான பேச்சுக்குள் அந்தக் கோபத்தை அடக்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் வேறு ஆள். அன்றைக்குத் தறி நிற்கும். காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "கெளம்பு அம்மிணி, கோயமுத்தூர் போலாம்" என்பார். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் கட்டாயம். பாசஞ்சர் ரயிலில் உட்காரும் இடம் எவ்வளவு கிடந்தாலும், பெட்டிகள் இணையும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பார். அங்கே இரும்பு இரும்போடு மோதும் இரைச்சலில் நான் அவர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து கத்தினால்தான் உண்டு. கத்துவேன். அவர் பதில் சொல்வார். வீட்டில் ஒரு வாரம் பேசாத பேச்செல்லாம் அங்கே பேசுவார்.

கோயமுத்தூரில் இறங்கினால் முதலில் பெரிய கடைவீதி. தீபாவளியோ இல்லையோ, ஒவ்வொரு கடை வாசலிலும் ஒலிபெருக்கி அலறும். அதற்கு நடுவில் ஒரு கரும்புச்சாறுக் கடை. மெஷினில் கட்டிய மணி நிற்காமல் அடிக்க, அதன் பக்கத்திலேயே பெஞ்சைப் போட்டு உட்காருவோம். எலுமிச்சையும் இஞ்சியும் கரும்போடு சேர்த்து நசுக்கிக் கொடுப்பார்கள். அதுபோல ஒரு சாறை நான் பிறகு எங்கும் குடித்ததில்லை. அங்கிருந்து மிருகக்காட்சி சாலை. புலியைப் பார்க்க எனக்கு ஆசை. அவருக்குக் கிளிக்கூண்டு. பச்சைக்கிளிகள் ஒரு கூட்டமாகக் கத்தும் இடத்தில் என்னை நிறுத்திக்கொண்டு, என் அப்பாவின் மாடுகளைப் பற்றி விசாரிப்பார். வீட்டில் கிடைக்காத கேள்வி கிளிக்கூண்டு முன்னால் கிடைத்தது.

கோடையில் பொருட்காட்சி போட்டால் நேராக மரணக் கிணறுதான். மரக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் சுற்றிச் சுற்றி ஏறும், பலகையெல்லாம் அதிரும். அவர் வண்டியைப் பார்க்கவே மாட்டார். என் பக்கம் திரும்பி நின்று, "வெள்ளகோவில்ல இப்படி ஒண்ணு வந்துருக்குதா?" என்பார். வெளியே வந்தால் பெரிய அப்பளம், மிளகாய் பஜ்ஜி. சாயங்காலம் தள்ளுவண்டியில் காளான். காளான் என்று பெயர்தான், பாதிக்கு மேல் முட்டைக்கோஸ். ஆனால் அந்த இரும்புக் கல்லில் கரண்டி படும் ஓசையோடு, மேலே வெங்காயம் தூவி, பாக்குமட்டைத் தட்டில் வாங்கித் தின்றால் குறை சொல்லத் தோன்றாது. கடைசியாக பஸ் ஸ்டாண்டை ஒட்டிய புரோட்டாக் கடை. கொத்து புரோட்டா கொத்துகிற மாஸ்டருக்கு நேர் எதிரே உட்காருவார். அந்தச் சத்தத்தில் மற்றவர்கள் இரண்டு மேசை தள்ளிப் போவார்கள், நாங்கள் இரண்டு மேசை முன்னே போவோம்.

பேரூர் கோயிலுக்கு ஒரு தரம் நான் கேட்டுக் கூட்டிப்போனார். அமைதியான மண்டபம், தூணோரம் குளிர்ச்சி. எனக்கு அங்கேயே படுத்துத் தூங்கலாம் போல இருந்தது. தூணுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக உட்கார்ந்திருந்தோம். என் மனதில் இருந்த சின்னச் சின்ன ஆசைகளை எல்லாம் மெல்லச் சொன்னேன். அவர் கோபுரத்துப் புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த அதே ஆள். அன்றைக்கு எனக்கு ஒன்று தீர்மானமாகப் பட்டது. நாலு பேர் பார்க்கிற சந்தடியில்தான் இவருக்குப் பொண்டாட்டி வேண்டும், தனியாக இருந்தால் நான் அங்கே கிடக்கும் அண்டா குண்டா மாதிரி. ஊருக்குக் காட்டத்தான் இந்தச் சிரிப்பெல்லாம் என்று நினைத்தேன்.

நினைக்க நினைக்க உள்ளுக்குள் கசந்தது. ஆடி வந்துகொண்டிருந்தது. கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள், மாதம் முடிந்ததும் கொண்டுவந்து விடுவார்கள். நான் போனால் திரும்பி வருவதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டினேன். அப்பா திட்டுவார், அம்மா அழுவாள், ஊர் பேசும். பேசட்டும். பேசாத மனிதரோடு ஆயுசு முழுக்க ஒரு வீட்டில் இருப்பதைவிட ஊர் பேசுவது மேல் என்று தோன்றியது. இதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும், திருட்டுத்தனமாகப் போகக்கூடாது என்பதிலும் பிடிவாதமாக இருந்தேன்.

ஆனியில் கடைசி ஞாயிறு. நான் புரோட்டாக் கடைக்கு வரமாட்டேன் என்று ரயிலிலேயே சொல்லிவிட்டேன். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு பெரிய சைவ ஓட்டல் இருந்தது. அதில் மாடியில் ஃபேமிலி ரூம். பலகை வைத்துத் தடுத்து, திரை போட்டு, உள்ளே ஒரு சின்ன விளக்கு. எனக்கு அந்தக் கடை மேல் வெகுநாள் ஆசை. நெய் ரோஸ்ட் கூம்பு மாதிரி நிற்கும், சாம்பாரில் சின்ன வெங்காயம் முழுசாகக் கிடக்கும், காப்பி டபராவில் நுரை தாழாமல் வரும். ருசிக்கென்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், திரையை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தது. "நம்ம ஊர்த் துணி" என்று பெருமையாக, கீழ்த்தளம் வரை கேட்கும்படி சொன்னார். எனக்கு வெட்கமாகப் போனது. சப்ளையர் அவருக்குப் பின்னால் நின்று, "வெங்காய ரோஸ்ட்டுங்களா, நெய் ரோஸ்ட்டுங்களா?" என்றார். இவர் "ஆமாங்க" என்றார். "காப்பியா, டீயா?" அதற்கும் "ஆமாங்க." சப்ளையர் என்னைப் பார்த்தார். நானே சொல்லி அனுப்பினேன்.

ரோஸ்ட் வந்தது. அதன் நுனியை ஒடித்துக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி, அம்மா கற்றுக்கொடுத்த அதே மெதுவான குரலில் சொன்னேன். "ஆடிக்கு எங்க அம்மா ஊட்டுக்குப் போனா, நான் திரும்பி வரமாட்டனுங்க." நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

"சரி சரி, அப்படியே பண்ணிக்கலாம்" என்றார் அவர். சிரித்த குரல்தான்.

அந்த ஒரு நொடியை நான் இன்றும் மறக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கல்யாணமாகி ஆறு மாதத்தில் ஒருத்தி போகிறேன் என்கிறாள், இவர் சாம்பாரில் ரோஸ்ட்டைத் தோய்த்துக்கொண்டு சரி என்கிறார். எனக்கு அந்தக் காப்பி கூட இறங்கவில்லை. அத்தனை நாள் ஆசைப்பட்ட காப்பி, ஆடை படர்ந்து அப்படியே நின்றது.

கீழே இறங்கி வந்ததும், "அங்க தின்ன மாதிரியே இல்ல அம்மிணி" என்று சொல்லி, டவுன் பஸ் ஏற்றி, வழக்கமான புரோட்டாக் கடைக்கே கூட்டிப்போனார். அவர் வாசல் மேசையில் உட்கார, நான் எழுந்து கை கழுவும் குழாய்ப் பக்கம் போய் முகத்தைக் கழுவினேன். திரும்பிப் பார்த்தால் அவர் ரோட்டைப் பார்த்து ஏதோ செய்துகொண்டிருந்தார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் இவரோடு தறி ஓட்டுகிற ஒருவர் தன் மனைவியோடு நின்றிருந்தார். நடுவில் பஸ்களும் லாரிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அந்த இரைச்சலுக்கு மேலே இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். குரலே இல்லை. அந்த மனிதர் உதட்டை அசைத்து, விரலை இப்படி அப்படி மடக்கிக் காட்டினார். இவர் தலையை ஆட்டி, வாயைக் கோணி, கையால் ஒரு திரையை விலக்குவது போலக் காட்டினார். ஃபேமிலி ரூமைத்தான் சொல்கிறார் என்று எனக்கே புரிந்தது. அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு பஸ் குறுக்கே வந்து போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

அந்த மனைவி ரோட்டைக் கடந்து குழாய்க்குத் தண்ணீர் குடிக்க வந்தாள். நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்துவிட்டு, "என்னுங்க, தறிப்பேச்சு பாத்ததில்லீங்களா?" என்றாள்.

"அதென்னுங்க?"

"தறி ஓடறப்ப காதுகிட்டக் கத்துனாலும் கேக்காதுங்க. ஒதட்டப் பாத்துத்தான் பேசிக்குவாங்க. வருசக்கணக்கா ஓட்டுனா காதும் மந்தமாயிரும். அப்பறம் வெளியிலயும் அப்படித்தானுங்க. எங்க ஊட்டுக்காரருக்கும் மூஞ்சியப் பாத்துச் சொல்லாட்டி ஒண்ணும் ஏறாது." தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா? சோமனூர்ல எல்லா ஊட்டுலயும் இதுதானுங்களே" என்றாள்.

அதுதான் விஷயம். சோமனூரில் அது ஒரு குறையே இல்லை. மழை பெய்தால் நனையும் என்பதைப் போல, தறி ஓட்டினால் காது மந்தமாகும். பெண் கொடுத்தவர்களிடம் சொல்லவேண்டிய சேதி என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் அங்கேயே ஈரமுகத்தோடு நின்றேன். சுவரைப் பார்த்து வைத்த ஸ்டவ், கதவோரம், குனிந்த தலை, கோயில் தூண், ஃபேமிலி ரூம் விளக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அம்மா கற்றுக்கொடுத்த மரியாதையில் ஒன்று குறையாமல் செய்து, ஒரு சொல்லும் அவரிடம் போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புரிந்தது என்பதற்காகக் கோபம் உடனே போய்விடுமா? இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா இந்த மனிதர்? போய் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். மாஸ்டர் இரண்டு கையாலும் கல்லை உடைப்பது போலக் கொத்திக்கொண்டிருந்தார். நான் தலையை நிமிர்த்தி, அவர் கண்ணைப் பார்த்து, குரல் எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்தேன்.

"அங்க நான் என்ன சொன்னேன், தெரியுமா?"

அவர் முகம் மாறியது. தெரியாது என்று மெல்லத் தலையாட்டினார்.

"ஆடிக்குப் போனா, திரும்பி வரமாட்டேன்னு சொன்னேன்."

புரோட்டாவைப் பிய்த்த கை அப்படியே நின்றது. பிறகு அவர் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். ஆனால் பதற்றத்தில் குரல் கொடுக்க மறந்துவிட்டார். உதடு மட்டும்தான் அசைந்தது. எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. "எனக்கு அந்தப் பேச்சுத் தெரியாதுங்க, சத்தமாச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

சத்தமாகவே சொன்னார். மாஸ்டர் கொத்துவதை நிறுத்திவிட்டார், கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஊட்டுல நீ எங்கூட ஒரு வார்த்தை பேசறதில்லையே அம்மிணி! எப்பப் பாத்தாலும் முதுகக் காட்டிட்டு நிக்கறே. என்னயப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டிருக்கறேன். கோயமுத்தூர் வந்தாத்தான் நீ எம்மூஞ்சியப் பாத்துப் பேசறே. அதுக்குத்தான வாராவாரம் கூட்டிட்டு வர்றேன்!"

நான் அழுதேன். புரோட்டாக் கடையில், அத்தனை பேர் நடுவில், வெங்காயத்தின் மேல் பழி போட வழியில்லாமல் அழுதேன். ஆறு மாதமாக அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே மனக்குறையைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறோம். காது மந்தம் என்பது அவருக்கே ஒரு பொருட்டாக இல்லை. நான் பேசுகிறேன், தனக்குத்தான் கேட்கவில்லை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பேசப் பிடிக்காத பெண்டாட்டி என்று நினைத்து, அவள் வாய் திறக்கும் இடங்களைத் தேடித் தேடி என்னைக் கூட்டிப்போயிருக்கிறார். கிளிக்கூண்டும் மரணக் கிணறும் அதற்குத்தான்.

"முதுகக் காட்டிட்டுப் பேசத்தானுங்க செஞ்சேன்" என்றேன், முகத்தைத் துடைத்துவிட்டு.

"என்ன பேசுனே?"

"அரிசி வாங்கணும்னு சொன்னனுங்க."

அவர் சிரித்தார். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டர் மறுபடி கொத்த ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, ஸ்டவ்வைச் சுவரோரத்திலிருந்து எடுத்துத் திருப்பி வைத்தது. சமைக்கும்போது முன்னறை நேராகத் தெரியும்படி வைத்தேன். புகை கண்ணில் அடித்தது, பரவாயில்லை. அந்த ஸ்டவ் போய் கேஸ் அடுப்பு வந்து, சோமனூரை விட்டுத் திருப்பூருக்குக் குடிவந்த பிறகும், எங்கள் வீட்டில் அடுப்பு சுவரைப் பார்த்ததில்லை.

ஆடி பிறந்ததும் அப்பா வந்தார். திருப்பூர் வரை என் வீட்டுக்காரரும் எங்களோடு வந்து, வெள்ளகோவில் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கு நல்ல கூட்டம். டிரைவர் இன்ஜினை உறும விட்டுக்கொண்டிருந்தார், சுற்றிலும் கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவினார்கள், வேர்க்கடலை விற்பவர் ஜன்னலுக்கு ஜன்னல் தட்டிக்கொண்டு போனார். நான் ஜன்னலோரம், அப்பா பக்கத்தில். அவர் கீழே, கொஞ்சம் தள்ளி நின்றார். முகத்தில் சிரிப்பில்லை. புரோட்டாக் கடையில் நான் சொன்னதற்குப் பிறகு, வருவேன் என்று நானும் சொல்லவில்லை, வருவாயா என்று அவரும் கேட்கவில்லை. கேட்கப் பயந்தார் என்று நினைக்கிறேன்.

பஸ் நகரப் போகிற நேரத்தில் அவர் உதடு அசைந்தது. குரல் இல்லை. இந்த முறை எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. "வருவியா?"

அப்பா பக்கத்தில் இருக்கும்போது புருஷன் முகத்தை நேராகப் பார்க்கிற பெண்ணை எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்து, அவர் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்தேன். "ஆவணி மொத நாளே வந்துருவேன்."

பஸ் கிளம்பியது. அவர் கையைத் தூக்கி நின்றது கண்ணில் இருந்து மறையும்வரை பார்த்தேன்.

"மாப்பிள்ளை ஏதோ சொன்னாப்பல இருந்துச்சே, என்ன சாமி?" என்றார் அப்பா.

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்கப்பா" என்றேன்.